மகன் ஏற்றி வைத்த வேகம்

அத்தியாயம் 11

வகுப்பின் நாற்பதாவது நிமிடம். போன வாரம் அமலம்மாள் டீச்சரை நாம் விட்டுவிட்டு வந்த இடம் அதுதான். பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரையில் ‘முடிவுரை’ என்று எழுதி அடிக்கோடு போடப் போனார். கோடு பாதி வந்தது. கணினி பட்டென்று செத்துப்போனது. இந்த மாதத்தில் அது ஏழாவது சாவு.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டீச்சருக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்து மூன்று வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர், இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் வகுப்பு எடுக்கிறார். ஜாலான் பேராக் பக்கம், பன்னிரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். கணவர் செபாஸ்டியன் பாத்ரூமில் விழுந்து தவறிப்போய் ஒரு வருடம் நாலு மாதம் ஆகிறது. மகள் வனேசா கல்யாணமாகிக் கெப்பாலா பத்தாஸில் இருக்கிறாள். மகன் கிளிஃபர்ட் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். நாலு மாதமாக அம்மாவோடு அவன் பேசுவதில்லை. இல்லை, அம்மா அவனோடு பேசுவதில்லை. யார் யாரோடு பேசவில்லை என்று இரண்டு பேருக்குமே இப்போது தெரியாது.

காரணம் நமக்குத் தெரியும். செபாஸ்டியனின் முதல் வருட நினைவுத் திருப்பலி முடிந்து, வீட்டில் சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் ஒரு வார்த்தை சொன்னார். “உங்கப்பா பாத்ரூம்ல விழுந்த சத்தம் உனக்கு எப்படிக் கேக்கும்? நீதான் காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு, இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு வேகத்த ஏத்திக்கிட்டு விளையாடிக்கிட்டு இருந்தியே.” பத்து பேர் எதிரில் சொன்னார். கிளிஃபர்ட் பதில் பேசவில்லை. தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுக் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினான்.

அன்று சாயந்திரமே டீச்சர் இன்னொரு காரியமும் செய்தார். மகனின் கணினிப் பெட்டி மேல் வெள்ளை லேஸ் துணி ஒன்றை விரித்து, செபாஸ்டியன் படத்தைச் சட்டத்தோடு அதன்மேல் வைத்தார். பக்கத்தில் பேட்டரி மெழுகுவர்த்தி. இனி அந்தப் பெட்டி முன்னால் உட்காருகிறவன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்று எண்ணம். உட்காருகிறவன் வரவே இல்லை. அவர்தான் தினமும் அங்கே உட்கார்ந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், டீச்சர் யாரிடமும் சொல்லாதது. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரையை விட்டுப் போவார்கள். டீச்சர் போக மாட்டார். சில நாள் ரூபினி என்ற சின்னப் பெண் மூட மறந்துவிட்டு ஓடிவிடுவாள். அவள் வீட்டுச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். குக்கர் விசில், அவள் அம்மா திட்டுவது, டிவி விளம்பரம். மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து டீச்சர் அதைக் கேட்பார். அப்புறம் எழுந்து செபாஸ்டியன் படத்தின் மேல் கை வைப்பார். படம் இளஞ்சூடாக இருக்கும். ஏன் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதே சரி.

இந்த வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியிலேயே வனேசா போன் செய்தாள்.

“அம்மா, கம்ப்யூட்டர் இன்னும் ரோசாக்தானா?”

“ரோசாக்தான். நேத்தும் பாதியில போச்சு. ருக்குமணி அவ மவனுக்கு வேற டீச்சர் பாத்துட்டாளாம்.”

“தம்பிகிட்ட கேளுங்களேன். அவன் மாட்டி வச்ச மெஷின்தானே? ரெண்டு நிமிஷத்துல சொல்லிருவான்.”

“கேக்கலாம்.”

“எப்போ?”

“கேக்கலாம்னு சொன்னேன்ல.”

வனேசா பெருமூச்சு விட்டாள். “சரி, நீங்க கேக்க மாட்டீங்க. அதான் ஹுஸ்னாவ வரச் சொல்லிட்டேன். என்கூட படிச்சவ, ஞாபகம் இருக்கா? இப்ப கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கா. மூணு மணிக்கு வருவா. சாயந்தர கிளாஸுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருவா. செனாங், சுலபமா முடிஞ்சிரும்.”

‘வேண்டாம்’ என்று சொல்ல டீச்சருக்கு வாய் வந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டால் பதில் இல்லையே. ஒன்பது நாளாக அவர் மனதுக்குள் ஒரு வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது. ‘கிளிஃபர்ட், கம்ப்யூட்டர் பாதியில நின்னு போவுது, என்னா பண்றது?’ அவ்வளவுதான். அதில் மன்னிப்பு இல்லை, பழைய பேச்சு இல்லை. ஒரு தாய், மானத்தோடு, மகனிடம் கேட்கக்கூடிய கேள்வி. பிள்ளைகள் கட்டுரையைத் திருத்துவதுபோல் அதையும் மூன்று தரம் திருத்தி வைத்திருந்தார். இன்று வகுப்பு முடிந்ததும் கேட்டுவிடுவது என்று முடிவும் செய்திருந்தார்.

இப்போது கணினி சரியாகிவிட்டால் அந்த வாக்கியத்தை என்ன செய்வது?

சரியாக மூன்று மணிக்கு ஹுஸ்னா வந்தாள். முப்பத்தாறு வயது, தோளில் பை, நெற்றியில் வேர்வை. “லிஃப்ட் ஒண்ணுதான் ஓடுது ஆன்ட்டி, பத்து நிமிஷம் நின்னேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள் பெட்டியைப் பார்த்ததும் நின்றாள்.

“யா அல்லாஹ். இது என்னா ஆன்ட்டி?”

“எது?”

“இந்தத் துணி. இதுமேல அங்கிள் படம்.”

“ஏன், நல்லாதானே இருக்கு?”

“பாக்க நல்லாதான் இருக்கு. ஆனா இந்தப் பெட்டி மேலதான் மூச்சு விடும். சூடு எல்லாம் மேல இருக்கிற ஓட்டை வழியாத்தான் போவணும். நீங்க அது மூக்கப் பொத்தி வச்சிருக்கீங்க.” படத்தை இரண்டு கையாலும் பக்குவமாகத் தூக்கினாள். “பாருங்க, அங்கிள் படம்கூட சூடா இருக்கு.”

டீச்சர் படத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சூடு ஆறிப்போனது.

ஹுஸ்னா பெட்டியைத் திறந்து, தூரிகையால் தூசியைத் தட்டி எடுத்தாள். மறுபடி மாட்டி ஓட விட்டாள். தன் பையிலிருந்து ஏதோ ஒன்றைச் செருகி, திரையில் ஏறும் எண்ணைப் பார்த்தாள். எழுபது, எழுபத்தெட்டு, எண்பத்தாறு.

“துணிய எடுத்தாச்சு, தூசியும் எடுத்தாச்சு. இன்னும் கொதிக்குது. அட, இத யாரோ ஓவர்கிளாக் பண்ணியிருக்காங்களே!”

“அப்படின்னா?”

“புராசசருக்குக் கம்பெனிக்காரன் ஒரு வேகம் வச்சு அனுப்புவான் ஆன்ட்டி. இதுக்கு மூவாயிரத்து அறுநூறு. வேணும்னா நாம ஏத்திக்கலாம். இதுல நாலாயிரத்து இருநூறு ஓடுது. வேகம் கூடும், கரண்டும் கூட இழுக்கும், சூடும் கூட வரும். புதுசுல தாங்கும். இப்ப அஞ்சு வயசாச்சு. தாங்க முடியாதப்போ, தான் எரிஞ்சு போவாம இருக்க தானே நின்னுருது.”

“அவன் வேலைதான்” என்றார் டீச்சர். “கேம் விளையாடுறதுக்கு.”

“பரவால்ல, இறக்கிறலாம். கம்பெனி குடுத்த வேகத்துலயே விட்டுருவோம். உங்க கிளாஸுக்கு அது போதும். எழுதுற பேனா மட்டும் கொஞ்சம் பின்னால வரும், அவ்வளவுதான்.” கணினியை அணைத்துப் போட்டு, அது கண் விழிக்கும்போதே ஒரு பொத்தானைத் தட்டினாள். நீலத் திரை ஒன்று வந்து பாஸ்வேர்ட் கேட்டது. “அலாமாக். பூட்டி வச்சிருக்கான் உங்க மவன். ஆன்ட்டி, அவன்கிட்ட கேளுங்களேன்.”

 கேட்கலாம்! ஒன்பது நாள் வாக்கியத்தைவிட இது இன்னும் நல்ல கேள்வி. பாஸ்வேர்ட் என்ன? ஒரே ஒரு சொல்லில் அவன் பதில் சொல்ல வேண்டும், சொல்லித்தான் ஆக வேண்டும். மேசை மேலிருந்த போனை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வரிசையில் தேடி, கிளிஃபர்ட் பெயருக்கு வந்தார். பெயருக்குப் பக்கத்தில் அவன் படம். மீசை இல்லாத பழைய படம். விரல் அதன்மேல் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வேணாம் ஆன்ட்டி, கேக்கவே வேணாம்” என்றாள் ஹுஸ்னா, பெட்டிக்குள் குனிந்தபடி. “வெளிய எடுத்துட்டேன்.”

“என்னத்த?”

அவள் உள்ளங்கையில், இருபது காசு அளவுக்கு ஒரு வட்ட பேட்டரி. “இதுதான் அந்த செட்டிங்க எல்லாம் ஞாபகம் வச்சிருக்கிறது. அஞ்சு நிமிஷம் வெளிய இருந்தா வேகம், பாஸ்வேர்ட் எல்லாத்தையும் மறந்துரும். இனிமே நீங்க யாரையும் கேக்க வேண்டியதில்ல.”

உதவி செய்கிற சந்தோஷத்தில் சிரித்தபடி சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது. டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தார். அடுப்படிக்குப் போய்ப் பாலில்லாத கட்டங்கோப்பி கலந்து, ஹுஸ்னாவுக்கென்றே கீழே காமாரியா கடையில் வாங்கி வைத்திருந்த குவே பலகாரத்தைத் தட்டில் அடுக்கினார். அடுக்கும்போது கண் கலங்கியது. ஒரு பேட்டரிக்காக அழுவதா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

ஐந்து நிமிடம் கழித்து ஹுஸ்னா பேட்டரியைத் திரும்பப் போட்டு ஓட்டினாள். இந்தத் தரம் பாஸ்வேர்ட் கேட்காமல் திரை திறந்தது. மேலே மூவாயிரத்து அறுநூறு என்று இருந்தது. வெப்பம் ஐம்பதுக்குக் கீழே.

“ஆச்சு. ஒரு நிமிஷம், இங்க இன்னும் ஒண்ணு இருக்கு.” திரையில் ஒரு பட்டியலைத் திறந்தாள். “அவன் ஏத்தி வச்ச வேகத்த ஒரு பேரு போட்டு சேவ் பண்ணி வச்சிருக்கான். இது பேட்டரிய எடுத்தாலும் அழியாது. அழிச்சிரவா?”

“என்னா பேரு?”

“‘அம்மா கிளாஸ்’னு போட்டிருக்கான்.”

டீச்சர் எழுந்து வந்தார். திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். இங்கிலீஷ் எழுத்தில், பெரிய எழுத்தில், அதுதான் இருந்தது.

“கேமுக்குன்னு சொன்னீங்க” என்றாள் ஹுஸ்னா, மெதுவாக.

“அப்படித்தான் நெனச்சேன்.”

அது நோய்த்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு போட்ட வருடம். பள்ளிக்கூடம் மூடி, வீட்டிலிருந்தே டீச்சர் முப்பது பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுத்த காலம். பேனாவால் ‘அ’ எழுதினால் திரையில் வர இரண்டு வினாடி ஆகும். “இந்தப் பெட்டி ஆமை மாதிரி இருக்குடா, பிள்ளைங்க சிரிக்குதுங்க” என்று நாள் பூராவும் முணுமுணுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க கிளிஃபர்ட் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். திருப்பலியை டிவியில் பார்க்கக்கூட எழுந்து வரவில்லை. அதற்கும் திட்டினார். சாயந்திரம், “இப்ப எழுதிப் பாருங்கம்மா” என்றான். எழுதினார். எழுத்து கையோடு வந்தது. “ம், பரவால்ல” என்றார். அதோடு மறந்தும் போனார்.

இத்தனையும் அவன் அன்று, அந்தப் பத்து பேர் எதிரில், ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்.

“அழிக்கவா ஆன்ட்டி?”

“வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

ஹுஸ்னா போகும்போது படத்தைப் புத்தக அலமாரியில் வைத்துவிட்டு, “அங்கிள இனிமே இங்கயே வச்சிருங்க” என்றாள். கதவைச் சாத்தினாள். லிஃப்ட் வரும்வரை அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

ஐந்து மணி வகுப்புக்கு நாலு பிள்ளைகள் வந்தார்கள். ஹுஸ்னா சொன்ன மாதிரியே பேனா கொஞ்சம் பின்தங்கித்தான் வந்தது. ஆனால் நாற்பதாவது நிமிடம் வந்தது, போனது. ஐம்பதும் போனது. ‘முடிவுரை’க்கு முழு அடிக்கோடு விழுந்தது.

“டீச்சர், இன்னிக்கு கட் ஆவல!” என்று ரூபினி கத்தினாள்.

“ஆவாது. இனிமே ஆவாது. வீட்டுப்பாடத்த ஒழுங்கா எழுதிட்டு வா.”

ஆறு மணிக்குப் பிள்ளைகள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நாலு பேரும் ஒழுங்காக மூடிவிட்டுப் போனார்கள், ரூபினி உட்பட. திரையில் டீச்சரின் முகம் மட்டும் மிஞ்சியது.

பாதியில் நின்ற நாள்களில் போன் ஓயாது. “டீச்சர் என்னாச்சு?”, “டீச்சர் லைன் இல்லையா?”, “டீச்சர் சுகமா இருக்கீங்களா?” என்று தாய்மார்கள் மாறி மாறி அனுப்புவார்கள். இன்று ஒன்றும் வரவில்லை. எல்லாம் சரியாக நடந்தால் யார் எதற்கு விசாரிப்பார்கள்?

எழுந்து அலமாரிக்குப் போனார். பழக்கத்தில் படத்தின் மேல் கை வைத்தார். கண்ணாடி சில்லென்று இருந்தது. செபாஸ்டியன் இறந்த அன்றுகூட டீச்சர் இப்படித் தனியாக உணரவில்லை. அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

போனை எடுத்தார். யோசித்தால் நடக்காது என்று யோசிக்காமல் அமுக்கினார்.

நாலாவது மணியில் எடுத்தான். “அம்மா?”

அந்த ஒரு சொல்லில் திருத்தி வைத்த வாக்கியமெல்லாம் கலைந்தது. கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்.

“கம்ப்யூட்டர் பாதியில நின்னு போவுது.”

 “எத்தன நாளா?” என்றான்.

“ரொம்ப நாளா.”

“சரி. அது நான் ஏத்தி வச்ச வேகமாத்தான் இருக்கும். இறக்கிறலாம்மா, ஒண்ணும் சுசா இல்ல, லேசான வேலைதான். போன்லயே சொல்றேன். கம்ப்யூட்டர் முன்னால உக்காருங்க. ரீஸ்டார்ட் பண்ணிட்டு, டிலீட் பட்டன விடாம தட்டிக்கிட்டே இருங்க.”

டீச்சர் உட்கார்ந்தார். தட்டினார். நீலத் திரை வந்தது. மகன் குரல் காதுக்குள் இருந்தது, அவர் அதை இழக்கத் தயாராக இல்லை.

“பாஸ்வேர்ட் கேக்குதா?”

திரை எதையும் கேட்கவில்லை. “ம், கேக்குது.”

“அப்பா காடி நம்பர் போடுங்க.”

 இருபது வருடம் அந்தப் பழைய காரில் போய் வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவுக்கு, கிளிஃபர்ட் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு. ஒவ்வொரு எழுத்தாக, தட்டச்சு செய்கிறவர் மாதிரி, சத்தமாகச் சொன்னார். “பி. டி. எஃப். ரெண்டு, ஏழு, நாலு, ஒண்ணு.”

“ஆமா. ஞாபகம் வச்சிருக்கீங்களே.”

“நீயும்தான் வச்சிருக்க.”

 “இப்ப இடது பக்கம் மேல பாருங்க. வேகம்னு ஒரு நம்பர் இருக்கும். அத வாசிங்க.”

இங்கேதான் நம் டீச்சர் கோட்டைவிட்டார். பொய் சொல்ல வராதவர் என்று சொல்ல மாட்டேன், இப்போதுதான் இரண்டு சொல்லி முடித்தார். ஆனால் வாசி என்று சொன்னால் இருப்பதை இருக்கிறபடி வாசித்துவிடுவார். முப்பத்து மூன்று வருடப் பழக்கம்.

“மூவாயிரத்து அறுநூறு.”

“இன்னொரு தரம் பாருங்கம்மா. நாலாயிரத்து இருநூறா?”

“மூவாயிரத்து...” பாதியில் நிறுத்தினார். நிறுத்தியும் பயனில்லை.

“அது இறங்கிடுச்சேம்மா. ஏற்கனவே இறக்கியாச்சு. யாரு பண்ணிக் குடுத்தா?”

“ஹுஸ்னா. அக்காகூட படிச்சவ.”

“எப்போ?”

“மூணு மணிக்கு வந்தா.”

“அப்போ இப்ப நல்லாத்தான் ஓடுது.”

“நல்லாத்தான் ஓடுது.”

“அப்புறம் எதுக்கும்மா கூப்டீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். டீச்சர் தன் முகம் தெரியாத அந்த நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்கடா. வீட்ல ஒரு சத்தமும் இல்ல.”

அவன் வைத்துவிடுவானோ என்று பயந்து டீச்சர் அவசரமாகச் சொன்னார். “‘அம்மா கிளாஸ்’னு எழுதி வச்சிருக்கே. நான் பாத்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? எனக்குத்தான் வேகம் ஏத்துனேன்னு, அத்தன பேரு முன்னால சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா மட்டும்?” அவன் குரல் உடைந்தது. “அன்னிக்கு நான் ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தாம்மா இருந்தேன். விளையாடல, ஆபீஸ் மீட்டிங். எதா இருந்தா என்னா? அப்பா விழுந்தது எனக்குக் கேக்கல. அது நிஜம்தானே?”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வருடம் நாலு மாதமாக யாரிடமும் சொல்லாத ஒன்று, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லாத ஒன்று, தொண்டை வரை வந்து நின்றது. தன் பங்கை மறைக்கத்தானே அவ்வளவு பேர் எதிரில் மகன்மேல் விரலை நீட்டினார்?

“எனக்கும் கேக்கலடா.”

“என்னா?”

“நானும் வீட்லதான் இருந்தேன். அடுப்படியில மீன் பொரிச்சிக்கிட்டு இருந்தேன். அந்த எண்ணெய்ச் சத்தம், மேல ஃபேன் சத்தம். பாத்ரூமுக்கும் அடுப்படிக்கும் நடுவுல ஒரு செவுருதான். எனக்கும் கேக்கல. உன்மேல போட்டா என்மேல விழாதுன்னு நெனச்சேன். தப்பு பண்ணிட்டேன் கிளிஃபர்ட்.”

அவன் அழுகிறான் என்று தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே சத்தமில்லாமல் அழுகிறவன். டீச்சரும் அழுதார். யாரும் வைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் இருக்கும் வீட்டின் சத்தம் போனில் மெல்ல மெல்லக் கேட்க ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் விழுந்தது. தட்டுகள் உரசின. மூச்சுக் காட்டாமல் டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

குழாய் நின்றது. ஒரு பெண் குரல் கேட்டது, பக்கத்திலிருந்து, தமிழில். “அம்மாவா? சொல்லிட்டீங்களா?”

போனைக் கையால் பொத்தும் சத்தம். பிறகு கிளிஃபர்ட்டின் குரல், கொஞ்சம் அவசரமாக. “அம்மா, நான் ஞாயித்துக்கிழமை வர்றேன். காலையில ரயில் எடுத்து, பட்டர்வொர்த்துல இறங்கி ஃபெரியில வந்துர்றேன்.”

யார் அந்தப் பெண், எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கலாம். நாலு மாதத்துக்கு முந்தைய அமலம்மாள் கேட்டிருப்பார். இன்று அவர் வேறொன்றைக் கேட்டார்.

“எத்தன பேருக்குச் சமைக்கணும்?”

மறுபடி போனைப் பொத்தும் சத்தம் கேட்டது.

“உங்களையும் சேத்து நாலு பேரும்மா.”

போன் அணைந்த பிறகு டீச்சர் அடுப்படிக்குப் போய் விளக்கைப் போட்டார். மேல் அலமாரியைத் திறந்து, செபாஸ்டியன் போனதிலிருந்து தொடாத பீங்கான் தட்டுகளை எடுத்துத் துடைத்தார். தனக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. அந்தக் குரலுக்கு ஒன்று.

யாருக்கென்று தெரியாத நாலாவது தட்டை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.